‘நீங்க எந்த டீம்?’: புது ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு ஒரு டெர்பி வழிகாட்டி

பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது, லைசென்ஸ் எடுப்பது பற்றியெல்லாம் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சேர்ந்த முதல் வாரமே வந்து விழும் ‘நீங்க எந்த டீம்?’ என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. விளையாட்டாகக் கேட்பதுதான். ஆனால் எவர்ட்டன் கால்பந்து அணியின் ரசிகர்கள் நாலு பேர் சூழ்ந்திருக்கும் மேசையில் உட்கார்ந்துகொண்டு ‘லிவர்பூல்!’ என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டீர்கள் என்றால், அந்த வேலையை விட்டுப் போகும் நாள்வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

ஒரே ஊர் அணிகளோ பக்கத்து ஊர் அணிகளோ மோதினால் பிரிட்டனில் அதற்கு டெர்பி என்று பெயர். அமெரிக்காவில் பொதுவாக ‘ரைவல்ரி கேம்’ என்பார்கள். இந்தப் பகையைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் விதிகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டாம். ஆஃப்சைட் என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு சீசனை ஓட்டிவிடலாம். யாருக்கு யார் பக்கத்து வீடு, எதற்காகப் பேச்சுவார்த்தை நின்றது என்பது தெரியாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது.

1. புள்ளிப் பட்டியலை மூடுங்கள், வரைபடத்தைத் திறங்கள்

எந்த அணி எத்தனை கோப்பை வென்றது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நீங்கள் போகும் ஊரின் வரைபடத்தில் மைதானங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பாதிக் கதை அதிலேயே இருக்கும்.

லிவர்பூலையே எடுத்துக்கொள்வோம். லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கும் எவர்ட்டனின் பழைய மைதானமான குடிசன் பார்க்குக்கும் நடுவே ஸ்டான்லி பார்க் என்ற பூங்கா. ஒரு மைல்கூட இருக்காது. ஆன்ஃபீல்டில் முதலில் குடியிருந்ததே எவர்ட்டன்தான். ஜான் ஹோல்டிங் என்ற பீர் ஆலை அதிபர் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர், எவர்ட்டன் கிளப்பின் தலைவரும் அவரே. வாடகையை ஏற்றினார், மற்ற உறுப்பினர்கள் முறுக்கிக்கொண்டார்கள், 1892இல் கிளப்பே மூட்டை கட்டிக்கொண்டு பூங்காவின் மறுபக்கம் போய்விட்டது. மைதானம் இருக்கிறது, ஆட அணி இல்லை. என்ன செய்வார் ஹோல்டிங்? புதிதாக ஓர் அணியைத் தொடங்கினார். அதுதான் லிவர்பூல் எஃப்.சி. ஆக, இது சொத்தில் தொடங்கிய பங்காளிச் சண்டை. அதனால்தானோ என்னவோ, அங்கே ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு (லிவர்பூல்), தம்பி நீலம் (எவர்ட்டன்) என்று இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஸ்டேடியத்தில் இரண்டு நிறமும் கலந்து உட்கார்ந்திருந்த காலம் உண்டு. ‘நட்பு டெர்பி’ என்று அதற்குப் பெயரும் உண்டு. களத்தில் காட்டப்பட்ட சிவப்பு அட்டைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தப் பெயரை நம்ப முடியாது. 2025இல் எவர்ட்டன் ஆற்றங்கரைத் துறைமுகப் பகுதியில் கட்டிய புது ஸ்டேடியத்துக்கு மாறிவிட்டதால், பூங்காவைக் குறுக்கே நடந்து டெர்பிக்குப் போகிற வழக்கம் முடிந்துபோனது.

வட லண்டனில் கதை தலைகீழ். ஆர்சனல் அந்தப் பகுதி அணியே அல்ல. தென்கிழக்கு லண்டனில் உல்விச் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 1886இல் தொடங்கியது. கூட்டம் வரவில்லை, காசு இல்லை என்று 1913இல் தேம்ஸ் நதியைத் தாண்டி வட லண்டனின் ஹைபரிக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே வேரூன்றி இருந்த டாட்டன்ஹாமுக்கு எப்படி இருந்திருக்கும்? அதுவே ஆறாத நிலையில் 1919 வந்தது. உலகப் போருக்குப் பின் முதல் டிவிஷனை விரிவாக்கினார்கள். கடைசி இடத்தில் இருந்த டாட்டன்ஹாம் கீழே அனுப்பப்பட்டது. இரண்டாம் டிவிஷனில் முதல் இரண்டு இடங்களில்கூட இல்லாத ஆர்சனலை ஓட்டெடுப்பு நடத்தி மேலே ஏற்றினார்கள். அன்று ஏறிய ஆர்சனல் இன்றுவரை கீழே இறங்கவில்லை என்பது டாட்டன்ஹாம்காரர்களுக்கு இன்னும் எரிச்சல். நூறு வருடத்துக்கு முந்தைய கமிட்டி முடிவு ஒன்றை நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள், ஆச்சரியப்படாதீர்கள். கூடவே சோல் கேம்ப்பெல் பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டாட்டன்ஹாமின் கேப்டன், 2001இல் ஒப்பந்தம் முடிந்ததும் பைசா வாங்கித் தராமல் நேராக ஆர்சனலுக்குப் போனவர். அந்தப் பெயரை எந்த முகத்தோடு உச்சரிக்கிறார்கள் என்பதை வைத்தே எதிரில் இருப்பவர் யார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மான்செஸ்டரில் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம் நிர்வாகக் கணக்கில் மான்செஸ்டர் மாநகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. எதிரணியான மான்செஸ்டர் சிட்டிக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். வடகிழக்கில் நியூகாசில்காரர் ‘ஜியோர்டி’, சண்டர்லண்ட்காரர் ‘மேக்கம்’. இரண்டும் நமக்கு ஒரே உச்சரிப்பாகத்தான் கேட்கும், ஆனால் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் குடியேறும் தமிழர்கள் கவனிக்க: நம் கடைகள் வரிசையாக இருக்கும் ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் வெஸ்ட் ஹாமின் பழைய அப்டன் பார்க் மைதானம் இருந்தது. 2016இல் ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்தத் தெருக்களில் இன்றும் மில்வால் ஜெர்சி போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். இரண்டுமே தேம்ஸ் கப்பல்துறைத் தொழிலாளர் மத்தியில் பிறந்த அணிகள். பகையும் அங்கிருந்தே வருகிறது.

2. கிளாஸ்கோ போகிறவர்கள் இதைத் தனியாகப் படிக்கவும்

மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் கிண்டல், கேலியோடு முடிகிற விஷயம். கிளாஸ்கோ அப்படி இல்லை. ரேஞ்சர்ஸ் 1872இல் தொடங்கியது. செல்டிக்கை 1887இல் அயர்லாந்திலிருந்து வந்த பிரதர் வால்ஃப்ரிட் என்ற துறவி, நகரின் கிழக்கே வாழ்ந்த ஏழை ஐரிஷ் குடும்பங்களுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்காகத் தொடங்கினார். காலப்போக்கில் செல்டிக் கத்தோலிக்க, ஐரிஷ் அடையாளமாகவும், ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டண்ட், பிரிட்டிஷ் அடையாளமாகவும் இறுகிப்போயின. கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகத் தெரிந்த ஒரு பெரிய வீரரை, மோ ஜான்ஸ்டனை, ரேஞ்சர்ஸ் எடுத்தது 1989இல்தான். அதுவும் அவர் முன்னாள் செல்டிக் வீரர். இரண்டு தரப்புமே கொதித்தது.

‘எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?’ என்ற கேள்வி அங்கே சில சமயம் படிப்பைப் பற்றியதாக இருக்காது; நீங்கள் கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா என்று அறியத்தான். நீங்கள் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்தவர் என்பதால் தப்பித்தீர்கள். ஆட்ட நாளில் செல்டிக்கின் பச்சையும் வேண்டாம், ரேஞ்சர்ஸின் நீலமும் வேண்டாம். சாம்பல் நிறக் கோட்டு போதும். பாட்டு எதையும் பொருள் தெரியாமல் கூடச் சேர்ந்து பாடாதீர்கள். பல பாட்டுகள் கால்பந்தைப் பற்றியவை அல்ல. எந்த அணி என்று விடாமல் நச்சரித்தால் ‘பார்டிக் திஸில்’ என்று சொல்லுங்கள். அதுவும் கிளாஸ்கோ அணிதான், யாருக்கும் அதன்மேல் கோபம் இல்லை. சொல்லிவிட்டு உண்மையிலேயே ஒரு நாள் போய்ப் பாருங்கள், நல்ல மைதானம்.

3. அமெரிக்காவில் கணக்கு வேறு

பிரிட்டனில் கிளப் ஊரை விட்டுப் போவது மகா பாவம். விம்பிள்டன் அணியை 2003இல் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோனார்கள்; அனுமதி கிடைத்த 2002லேயே ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தமாக ஓர் அணியைத் தொடங்கி, அடிமட்ட லீகிலிருந்து மேலே ஏறி வந்துவிட்டார்கள். அமெரிக்காவில் தொழில்முறை அணிகள் ஊர் மாறுவது சகஜம். நியூயார்க்கில் ஒரு காலத்தில் மூன்று பேஸ்பால் அணிகள்: யாங்கீஸ், ஜயன்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ். 1957 சீசன் முடிந்ததும் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ஜயன்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் கிளம்பிவிட்டன. விசேஷம் என்னவென்றால் பகையையும் பெட்டியில் வைத்துக் கூடவே கொண்டுபோய்விட்டார்கள். அது இன்று கலிபோர்னியாவின் பகை. நியூயார்க்கில் அனாதையான ரசிகர்களுக்காக 1962இல் மெட்ஸ் வந்தது. டாட்ஜர்ஸின் நீலம், ஜயன்ட்ஸின் ஆரஞ்சு இரண்டையும் சேர்த்து அதன் நிறமாக்கினார்கள். யாங்கீஸ் மேல் மெட்ஸ்காரருக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்று கேட்டால் விடை அந்தத் தொப்பியிலேயே இருக்கிறது. (நியூஜெர்சித் தமிழர்களுக்கு ஒரு தகவல்: பெயரில் நியூயார்க் என்று வைத்துக்கொண்டிருக்கும் இரண்டு கால்பந்து அணிகளும், அதாவது அமெரிக்கக் கால்பந்து, உங்கள் மாநிலத்தில்தான் ஒரே ஸ்டேடியத்தில் ஆடுகின்றன. நன்றி சொல்வாரில்லை.)

யாங்கீஸ்–பாஸ்டன் ரெட் சாக்ஸ் பகைதான் வெளியே பிரபலம். 1919 டிசம்பரில் நட்சத்திர வீரர் பேப் ரூத்தை பாஸ்டன் யாங்கீஸுக்கு விற்றது. 1918இல் கோப்பை வென்ற பாஸ்டன் அடுத்த கோப்பையைப் பார்த்தது 2004இல். அந்த 2004இல், யாங்கீஸுடன் ஆடிய தொடரில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றுவிட்டு அடுத்த நான்கையும் வென்றார்கள். பாஸ்டனில் வேலை என்றால் இந்த ஒரு தகவலை வைத்தே ஒரு மாதம் பேசலாம். அதோடு, யாங்கீஸின் புது ஸ்டேடியம் கட்டும்போது ஒரு கட்டுமானத் தொழிலாளி ரெட் சாக்ஸ் ஜெர்சியைக் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிட்டார்; 2008இல் விஷயம் வெளியே வந்ததும் நிர்வாகம் கான்கிரீட்டை உடைத்து அதைத் தோண்டி எடுத்தது. ஏவல் எடுப்பது நமக்கு மட்டும் சொந்தமல்ல.

ஆனால் என்னைக் கேட்டால், அமெரிக்காவின் நிஜமான ஊர்ப் பகை கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில்தான் இருக்கிறது. இரண்டு காரணங்கள். பல்கலைக்கழகம் ஊரை விட்டுப் போகாது. அடுத்தது, எண்ணிக்கை. யாங்கீஸும் ரெட் சாக்ஸும் ஒரு சீசனில் 13 முறை சந்திக்கின்றன. இன்று தோற்றால் நாளை பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் லீகில் இரண்டு முறை. கல்லூரிப் பகையாளிகள் வழக்கமாக வருடத்துக்கு ஒரே முறை. தோற்றால் 364 நாள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அலபாமா மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி ஒன்றுகூட இல்லை. அங்கே அலபாமா பல்கலைக்கழகமா, ஆபர்ன் பல்கலைக்கழகமா என்பதுதான் கேள்வி. முதலில் 1893இல் மோதினார்கள். 1907க்குப் பிறகு வீரர்களின் தினப்படி, நடுவரை எங்கிருந்து அழைப்பது என்ற சில்லறைத் தகராறுகளில் ஆட்டமே நின்றுபோய், 1948இல்தான் மறுபடி நடந்தது. 41 வருடம்! 2013இல் 28–28 என்று சமநிலை, ஒரே ஒரு வினாடி பாக்கி. அலபாமா தூரத்திலிருந்து கோலுக்கு உதைத்த பந்து எட்டாமல் விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் முழு நீளமும் ஓடி ஜெயிக்க வைத்தார். ஹன்ட்ஸ்வில் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஓட்டத்தின் வீடியோவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். அசிங்கமான பக்கமும் உண்டு. ஆபர்னில் வெற்றியைக் கொண்டாட டூமர்ஸ் கார்னரில் உள்ள பழைய ஓக் மரங்கள்மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசுவார்கள். 2010 ஆட்டத்துக்குப் பிறகு அலபாமா ரசிகர் ஒருவர் அந்த மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டு, வானொலி நிகழ்ச்சிக்குத் தானே போன் போட்டுப் பெருமையடித்தார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013இல் அகற்றினார்கள். அவர் சிறைக்குப் போனார்.

ஒஹாயோ ஸ்டேட்–மிச்சிகன் ஆட்டத்துக்கு எல்லைத் தகராறுப் பின்னணி உண்டு. 1835இல் டொலீடோ நகரம் யாருக்கு என்று இரண்டு தரப்பும் படை திரட்டும் அளவுக்குப் போனது. கடைசியில் ஒஹாயோவுக்கு டொலீடோ, மிச்சிகனுக்கு வடக்கே ஒரு பெரிய தீபகற்பம். ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்து எல்லாவற்றின் மேலும் சிவப்பு நாடாவால் குறுக்குக் கோடு போடுவார்கள். படித்தவர்கள்தான்.

4. அணியைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் மெதுவாக

முதல் நாள் வரும் கேள்விக்கு ‘இப்போதுதான் வந்திருக்கிறேன், நீங்களே சொல்லுங்கள்’ என்பது நல்ல பதில். கேட்டவர் அரை மணி நேரம் பேசுவார். அதில் இந்தக் கட்டுரையைவிட அதிகம் கிடைக்கும்.

பிறகு தேர்ந்தெடுக்கும்போது குடியிருக்கும் இடத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பிரிட்டனில் தோற்கிற அணியின் ரசிகருக்கு மரியாதை உண்டு; கோப்பை வென்றதைப் பார்த்து ஓடிவந்து சேர்ந்தவருக்கு இல்லை. பர்மிங்ஹாமில் வாழ்ந்துகொண்டு மான்செஸ்டர் சிட்டி ரசிகர் என்றால் ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். ஊரில் சிறுவயதிலிருந்தே டிவியில் பார்த்து ஓர் அணிமேல் பிடிப்பு இருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம். ‘ஊரில் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்கிறேன்’ என்றால் ஏற்றுக்கொள்வார்கள். எதிரெதிர் அணிகள் இரண்டையும் பிடிக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படி ஒரு நிலை அங்கே கிடையாது. பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் தலையிட்டுப் பயனில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த அணியோ, பெரும்பாலும் அதுதான்.

5. டிக்கெட்

இங்கிலாந்தில் பெரிய டெர்பி டிக்கெட் பொது விற்பனைக்கு வருவதே அபூர்வம். சீசன் டிக்கெட்காரர்கள், பிறகு கிளப் உறுப்பினர்கள் என்று வரிசை. உறுப்பினர் கட்டணம் கட்டிவிட்டுச் சாதாரண ஆட்டங்களுக்குப் போய்ப் பழகுங்கள். ஸ்டேடியத்துக்கு வெளியே பிளாக்கில் வாங்காதீர்கள். கிளப்பின் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட்டை விற்பது அங்கே சட்டப்படி குற்றம், வாங்கிய டிக்கெட்டும் வாசலில் செல்லாமல் போகலாம்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் சுலபமான வழி, பெண்கள் லீகின் டெர்பி. ஆர்சனல் பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு எமிரேட்ஸ் ஸ்டேடியத்தில் 60,000 பேர் வந்த நாட்கள் உண்டு. விலை குறைவு, குழந்தைகளோடு போகலாம், அதே பாட்டு, அதே பகை.

அமெரிக்காவில் மறுவிற்பனைத் தளங்களில் தாராளமாகக் கிடைக்கும். விலைதான் கண்ணைக் கட்டும். பேஸ்பாலில் வார நாள் ஆட்டம் என்றால் சமாளிக்கலாம்.

6. ஆட்ட நாள்

இங்கிலாந்தில் எந்தப் பகுதிக்கு டிக்கெட் என்பதுதான் முக்கியம். எதிரணி ரசிகர்களைத் தனியாக ஒரு மூலையில் உட்கார வைத்து நடுவில் ஸ்டூவர்ட் எனும் காவல் ஊழியர்களை நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் மைதானத்துக்குச் சொந்தக்கார அணியின் பகுதியில் உட்கார்ந்துகொண்டு எதிரணி கோல் அடித்ததும் துள்ளிக் குதித்தால் வெளியேற்றிவிடுவார்கள். ‘நான் சும்மா நல்ல கோல் என்று கைதட்டினேன்’ என்பது எடுபடாது. எதிரணி நிறத்தில் உடை வேண்டாம். இரண்டு அணிகளின் பெயரையும் பாதிப் பாதியாகப் போட்டு வாசலில் ஒரு ஸ்கார்ஃப் விற்பார்கள். அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டீர்கள் என்றால் இரண்டு பக்கமும் முறைப்பார்கள்.

பக்கத்திலுள்ள பப்களில் அந்த மைதான அணியின் ரசிகர்களுக்கு மட்டும் என்று அறிவிப்பு இருக்கும், படித்துவிட்டு நுழையுங்கள். இங்கிலாந்தில் ஆண்கள் லீக் ஆட்டங்களில் மைதானம் கண்ணில் தெரியும் இருக்கையில் மது அருந்தக் கூடாது, உள்கூடத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில் 1980 கோப்பை இறுதி ஆட்டத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி அடித்துக்கொண்டதற்குப் பிறகு பொது ரசிகர்களுக்கு மதுவே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் உணர்ச்சிவசப்பட்டுத் தடுப்பைத் தாண்டிக் களத்துக்குள் ஓடாதீர்கள். அதுவும் குற்றம், விசாவில் இருப்பவர்களுக்குத் தேவையில்லாத வம்பு.

அமெரிக்காவில் எதிரணி ரசிகர்கள் உங்கள் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வாய்ச்சண்டை ஓயாது, பெரும்பாலும் ஏழாவது இன்னிங்ஸில் அவரே உங்களுக்குக் கடலை நீட்டுவார். கல்லூரி ஆட்டம் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிக் கறி வாட்டும் டெயில்கேட் கொண்டாட்டம் ஆட்டத்தைவிட நீளம். பை விஷயத்தில் கண்டிப்பு: என்.எஃப்.எல். (தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீக்) ஸ்டேடியங்களில் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைதான், மற்றதைக் காரில் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.

7. எதைத் தொடக் கூடாது

கோல்கீப்பரைக் கிண்டல் செய்யலாம், கோப்பை வராத வருடங்களை எண்ணிக் காட்டலாம். சாவுகளைத் தொடக் கூடாது. 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் உயிரிழந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். 1958 மியூனிக் விமான விபத்தில் இறந்த 23 பேரில் 8 பேர் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள். 1971இல் ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டு நெரிசலில் 66 பேர். இவற்றை வைத்துக் கோஷம் போட்டால் இப்போது வழக்குப் போடுகிறார்கள். ஹில்ஸ்பரோ பழியை ரசிகர்கள்மேல் போட்டு எழுதிய ‘த சன்’ பத்திரிகையை லிவர்பூலில் பலர் இன்னும் கையால் தொடுவதில்லை. அதைப் பிரித்துவைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்காராதீர்கள். 1989இல் இரங்கலுக்காக ஆன்ஃபீல்டிலிருந்து குடிசன் வரை பூங்காவின் குறுக்கே சிவப்பும் நீலமுமாக ஸ்கார்ஃப்களை முடிந்து கட்டியது அந்த ஊர்க்காரர்களே. அதே வருடம் மே மாதம் லிவர்பூலும் எவர்ட்டனும் வெம்ப்ளியில் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோதின. லிவர்பூல் 3–2.

8. நாட்காட்டியில் குறிப்பது

பிரீமியர் லீக் அட்டவணை ஜூன் மாதம் வரும். அதில் உள்ள டெர்பி தேதியை நம்பி எதையும் பதிவு செய்யாதீர்கள். டிவிக்காகவும் போலீஸ் சொல்கிறது என்பதற்காகவும் ஆட்டத்தை நண்பகலுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ தள்ளுவார்கள். அந்த இறுதித் தேதி வந்த பிறகே விமான டிக்கெட் போடுங்கள். அமெரிக்கக் கல்லூரிப் பகைகளில் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலானவை நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை. அலபாமாவிலோ ஒஹாயோவிலோ அன்றைக்குப் புதுமனைப் புகுவிழா வைத்துவிட்டு உள்ளூர்க்காரர்களை அழைத்தால் யாரும் வரமாட்டார்கள். வாத்தியார் நல்ல முகூர்த்தம் என்று சொன்னாலும் அடுத்த வாரம் பார்க்கச் சொல்லுங்கள்.